யார் இந்த சுப்பாராவ்? மூன்று மாத்திரைகளுக்குப் பின்னால் ஒரு மெட்ராஸ் மாணவர்

மண்ணூர்பேட்டையில் ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். ஃபோலிக் ஆசிட் மாத்திரை வாங்க ஒரு கர்ப்பிணி வருவார். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட் கேட்டு ஒரு பெரியவர் வருவார். மழைக்காலம் என்றால், அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் தேங்கிய தண்ணீரில் நடந்துவிட்டு, எலிக்காய்ச்சல் பயத்தில் டாக்ஸிசைக்ளின் சீட்டோடு சிலர் நிற்பார்கள். மூணும் வேற வேற மருந்து, வேற வேற நோய். ஆனால் மூன்றின் பூர்வீகத்தையும் தேடிக்கொண்டு போனால், ஒரே ஆளின் லேபில்தான் போய் நிற்போம்.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். திருவல்லிக்கேணியில் பள்ளி, மெரினா எதிரே பிரசிடென்சி கல்லூரி, பிறகு மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ் என்று இந்த ஊரில்தான் படித்தார். பொது அறிவுத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு ஏடிபி மூலமாக அவர் பெயர் தெரிந்திருக்கலாம். அவர் வாழ்க்கையின் கடைசி எட்டு வருஷம் அதைவிடச் சுவாரஸ்யமானது. பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்து, அதனிடமிருந்து மருந்து வாங்கும் வேலைக்குத் தலைமை தாங்கிய வருஷங்கள் அவை.

வாழைப்பழம் விற்கக் கிளம்பிய பையன்

1895 ஜனவரி 12-ல் பீமவரத்தில் பிறந்தார். இப்போது ஆந்திரத்தில் இருக்கும் அந்த ஊர், அன்று மெட்ராஸ் மாகாணம். ஏழு பிள்ளைகளில் நான்காமவர். அப்பா ஜகந்நாதம் வருவாய்த் துறை ஊழியர். உடம்பு முடியாமல் சீக்கிரமே வேலையை விட்டவர். வீட்டில் பணம் இல்லை. பையனுக்குப் படிப்பும் ஏறவில்லை.

13 வயதில் வீட்டை விட்டு ஓடினார். காசிக்குப் போய், யாத்திரை வருகிறவர்களிடம் வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாவது என்பது திட்டம். பாதி வழியில் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார்கள். அப்பா இறந்த பிறகு, அம்மா வெங்கம்மா நகையை விற்றுப் படிக்க வைத்தார். மெட்ரிக்குலேஷன் மூன்றாவது முயற்சியில்தான் தேறியது. அதுவும் மெட்ராஸுக்கு வந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பிறகு.

பிரசிடென்சியில் இன்டர்மீடியட் படிக்கும்போது மனசு வேறு பக்கம் போனது. ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து சந்நியாசி ஆகிவிட வேண்டும் என்று ஆசை. அம்மா சம்மதிக்கவில்லை, அம்மா சம்மதம் இல்லாமல் மடம் சேர்த்துக்கொள்ளவில்லை. துறவியாகத்தான் சேவை செய்ய வேண்டுமா, டாக்டராகவும் செய்யலாமே என்ற யோசனையில் மெடிக்கல் காலேஜில் சேர்ந்தார். செலவுக்கு நண்பர்களும் கஸ்தூரி சூர்யநாராயண மூர்த்தி என்பவரும் உதவினார்கள். மூர்த்தியின் மகள் சேஷகிரியைத்தான் 1919-ல் கல்யாணம் செய்துகொண்டார்.

காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் கதரில் தைத்த ஆபரேஷன் கவுனைப் போட்டுக்கொண்டு தியேட்டருக்குள் போனார். சர்ஜரி பேராசிரியரான ஆங்கிலேயருக்குப் பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும், படிப்பு முடிந்தபோது கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். இல்லை, அதற்குக் கீழ்ப்படியான எல்.எம்.எஸ். மட்டும்தான். அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை.

வேலை கொடுத்தது ஓர் ஆயுர்வேதக் கல்லூரி. டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி நடத்தியது. எழும்பூரில் ருக்மணி லட்சுமிபதி சாலை வழியாகப் போயிருப்பீர்கள். வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற அந்த ருக்மணி, இவருடைய மனைவி. அலோபதி படித்த சுப்பாராவ் அங்கே உடற்கூறு பாடம் நடத்தினார். மாணவர்களுக்கு எலும்பு, தசை சொல்லிக்கொடுத்துக்கொண்டே, அந்த மூலிகை மருந்துகளில் உண்மையில் வேலை செய்யும் பொருள் எது என்று யோசிக்க ஆரம்பித்தார். பிறகு அவர் செய்த எல்லா ஆராய்ச்சிக்கும் அடியில் இந்தக் கேள்வி இருக்கிறது.

எட்டே நாளில் இரண்டு சாவு

இடையில் குடும்பத்தில் இடி விழுந்தது. உடன்பிறந்தவர்களில் இரண்டு பேர், எட்டு நாள் இடைவெளியில், ஒரே நோயில் செத்துப்போனார்கள். ஸ்ப்ரூ.

இன்றைய தலைமுறைக்குப் பழக்கமில்லாத பெயர். வெப்பமண்டல நாடுகளில் வரும் குடல் நோய் இது. ஆயுர்வேதத்தில் கிரஹணி என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. பேதி நிற்காது, சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது, நாக்கு வெந்து புண்ணாகும், ரத்தம் வெளிறி ஆள் உருகிப்போவார். காரணம் அன்று யாருக்கும் தெரியாது. சுப்பாராவுக்கும் அந்த நோய் வந்தது. மேல்நாட்டு மருத்துவம் கைவிட்ட நிலையில், லட்சுமிபதியின் ஆயுர்வேத மருந்துதான் தன்னைக் காப்பாற்றியது என்று அவர் நம்பினார்.

கேள்வி இன்னும் கூர்மையானது. அந்த மருந்தில் என்ன இருந்தது? அண்ணன் தம்பிக்கு என்ன இல்லாமல் போனது? விடை தேட மெட்ராஸில் வசதி இல்லை. பாஸ்டனில் ஹார்வர்ட் வெப்பமண்டல மருத்துவப் பள்ளி இருந்தது. காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்க நாயக்கர் அறக்கட்டளை உதவி செய்வதாகச் சொன்னது. மிச்சத்தை மாமனார் புரட்டினார். 1920-களின் தொடக்கத்தில் கர்ப்பமாக இருந்த மனைவியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். சில வருஷத்தில் திரும்பிவிடுவதாகத்தான் பேச்சு.

அவர் திரும்பவே இல்லை. பிறந்த மகன் கைக்குழந்தையாகவே இறந்துபோனான். அப்பா அவனைப் பார்த்ததில்லை.

பாஸ்டன்: பகலில் லேப், இரவில் பெட்பேன்

அமெரிக்காவில் எல்.எம்.எஸ். பட்டத்துக்கு மதிப்பு குறைவு. சம்பளம் தரும் டாக்டர் வேலை கிடைக்கவில்லை. பிரிகாம் மருத்துவமனையில் இரவுப் பணியாளராகச் சேர்ந்து, நோயாளிகளின் பெட்பேன் கழுவிச் சாப்பாட்டுக்குச் சம்பாதித்தார். பகலில் படிப்பு.

படிப்பு முடிந்ததும் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இருவரும் 1925-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். கரைசல் நீலமாக மாறும். நீலம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் காலேஜ் லேபில் செய்திருப்பீர்கள், ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்றுதான் ரெக்கார்டு நோட்டில் எழுதியிருப்பீர்கள்.

அந்த அளவுகோலை வைத்தே 1927-ல் தசையில் பாஸ்போகிரியேட்டினைக் கண்டுபிடித்தார்கள். 1929-ல் ஏடிபி. தசை சுருங்குவதற்கான சக்தி லாக்டிக் அமிலம் சம்பந்தப்பட்டது என்று சொன்ன ஆராய்ச்சிக்குத்தான் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கொடுத்திருந்தார்கள். அந்தப் படம் மாற வேண்டியதாயிற்று. ஏடிபி விஷயத்தில் ஜெர்மனியின் கார்ல் லோமானும் அதே ஆண்டு, தனியாக, அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்.

1930-ல் டாக்டர் பட்டம் வந்தது. நிரந்தரப் பதவி வரவில்லை. பத்து வருஷம் காத்திருந்தார். தன் பங்கை முன்னால் தள்ளிக் காட்டத் தெரியாத ஆள் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்தியராகப் பிறந்ததும் உதவியிருக்காது. இதற்கிடையே அவர் சொந்த நேரத்தில் ஈரலைக் குடைந்துகொண்டிருந்தார். ஈரல் சாப்பிட்டால் ஒருவகைக் கொடிய ரத்தசோகை குணமாகிறது என்று 1926-ல் பாஸ்டனிலேயே நிரூபித்திருந்தார்கள். ஈரலில் இருக்கும் அந்தப் பொருளுக்கும் ஸ்ப்ரூவுக்கும் உறவு இருக்கும் என்பது அவருடைய சந்தேகம்.

1940-ல் ஹார்வர்டை விட்டார். நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் ஊரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். விரைவிலேயே ஆராய்ச்சிப் பிரிவு முழுவதும் அவர் பொறுப்புக்கு வந்தது. பல்கலைக்கழகம் கொடுக்காத ஆட்களையும் தொட்டிகளையும் கம்பெனி கொடுத்தது.

இட்லி மாவு லாஜிக்

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்தி, நொதித்தல் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். ராத்திரி கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்கிறது, புளிக்கிறது. யாரும் எதுவும் சேர்க்கவில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டியிருந்த பாக்டீரியா, மாவைச் சாப்பிட்டு, அமிலத்தையும் வாயுவையும் வெளியே தள்ளியிருக்கிறது. அதற்கு அது கழிவு, நமக்கு அது ருசி.

மருந்துத் தொட்டியும் அதே லாஜிக்தான். வித்தியாசம் என்னவென்றால், மாவில் யார் வேண்டுமானாலும் வந்து வளரலாம். தொட்டியில் நாம் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு கிருமி மட்டும்தான் வளர வேண்டும். அதனால் முதலில் சத்துக் கரைசலை நீராவியில் வேகவைத்து, உள்ளே இருக்கும் எல்லா உயிரையும் கொல்வார்கள். ஆறிய பிறகு நம்ம பாக்டீரியாவை விடுவார்கள். சுத்தமான காற்றை அடியிலிருந்து குமிழாக ஊதுவார்கள். சூடும் புளிப்பும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சாப்பாடு விலை மலிவாக இருக்க வேண்டும்: வெல்லப்பாகுக் கழிவு, சோளம் ஊறவைத்த தண்ணீர் மாதிரி. கடைசியில் ஆயிரக்கணக்கான லிட்டர் கஞ்சியில் கரைந்திருக்கும் சில கிராம் பொருளைப் பிரித்தெடுக்க வேண்டும். செலவில் பெரும்பங்கு அங்கேதான் போகும்.

சுப்பாராவ் ஆட்கள் பாக்டீரியாவை இரண்டு விதமாக வேலை வாங்கினார்கள்.

முதலாவது, தராசாக. தயிர் பாக்டீரியாவின் உறவுக்காரரான லாக்டோபேசில்லஸ் கேஸி என்ற கிருமிக்கு, ஈரலில் இருக்கும் அந்தப் பெயர் தெரியாத சத்து இல்லாவிட்டால் வளர்ச்சி இல்லை. எந்தச் சாற்றில் அது சத்து இருக்கிறது என்று அறிய, குழாயில் கொஞ்சம் ஊற்றி இந்தக் கிருமியை விட்டால் போதும். குழாய் கலங்கினால் சத்து உண்டு. எவ்வளவு கலங்குகிறதோ, எவ்வளவு புளிக்கிறதோ, அவ்வளவு சத்து. எலியையும் கோழியையும் வாரக்கணக்கில் வளர்த்துப் பார்க்க வேண்டிய சோதனை, ஓரிரு நாளில் முடிந்தது. ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் இந்த வேலையில் முக்கியமானவர்.

இரண்டாவது, சமையல்காரராக. அந்தச் சத்து ஈரலில் மிகமிகக் கொஞ்சம். டெக்சாஸில் வேறொரு குழு 1941-ல் அதைப் பிரிக்க நான்கு டன் பசலைக்கீரையை அரைத்திருந்தது. இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் ஆசிட் என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். லெடர்லேயில் வேறு வழி பிடித்தார்கள். கோரினிபாக்டீரியம் வகைக் கிருமி ஒன்று, வளரும்போதே தன்னைச் சுற்றியுள்ள கரைசலில் அந்தச் சத்தின் ஒரு வடிவத்தைக் கொட்டிக்கொண்டிருந்தது. டன் கணக்கில் ஈரல் வாங்குவதற்குப் பதில், கிருமியை வளர்த்துக் கரைசலை வடித்தார்கள். உடைத்துப் பார்க்கப் போதுமான அளவு தூய பொருள் கையில் வந்தது. உடைத்துப் பார்த்ததால் அமைப்பு தெரிந்தது. அமைப்பு தெரிந்ததால் வேதியியல் முறையில் செய்ய முடிந்தது. 1945-ல் செயற்கை ஃபோலிக் ஆசிட் தயார். இன்று மெடிக்கலில் வாங்குவதும் வேதியியல் தொழிற்சாலையில் செய்ததுதான். ஆனால் அதன் வரைபடத்தைக் கையில் எடுக்க உதவியது ஒரு பாக்டீரியா.

இதில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. ஃபோலிக் ஆசிட்டுக்குப் பெயரே வைக்கப்படாத காலத்தில், லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாயில் கர்ப்பிணிகளுக்கு வரும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது சரியாகிறது என்று கண்டார். 1931-ன் தொடக்கத்தில் அவர் வேலை பார்த்தது மெட்ராஸ் கோஷா ஆஸ்பத்திரியில். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. சுப்பாராவ் மெட்ரிக் தேறிய அதே திருவல்லிக்கேணி. அவர் பாஸ்டனில் ஈரலைக் குடைந்துகொண்டிருந்தபோது, அதே பொருளை அவருடைய பழைய பள்ளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் தேடிக்கொண்டிருந்தார்.

மருந்து ஏமாற்றியது, மாற்று மருந்து வேலை செய்தது

ஃபோலிக் ஆசிட் கிடைத்ததும் டாக்டர்கள் ஸ்ப்ரூ நோயாளிகளிடம் முயன்றார்கள். கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் படுத்தபடுக்கையாக இருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். நாக்குப் புண் ஆறியது, ரத்தம் ஊறியது. கால் நூற்றாண்டுக்கு முன்பு மெட்ராஸில் எழுந்த கேள்விக்கு இது விடையின் முதல் பாதி.

பாஸ்டனில் குழந்தை மருத்துவர் சிட்னி ஃபார்பர் வேறு கணக்கு போட்டார். ரத்தத்தைச் சரிசெய்யும் பொருள் ரத்தப் புற்றுநோய்க்கும் உதவலாமே? லெடர்லே அனுப்பிய ஃபோலிக் வகைப் பொருட்களைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். அந்த பாக்டீரியா தயாரித்த வடிவத்தின் செயற்கை நகலுக்கு டெரோப்டெரின் என்று பெயர். அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் பேப் ரூத்துக்கும் 1947-ல் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். லுகேமியா குழந்தைகளிடம் நடந்தது நேர்எதிர். நோய் இன்னும் வேகமானது. புற்று செல்லுக்கும் ஃபோலிக் ஆசிட்தான் தீனி.

பயங்கரமான முடிவுதான். ஆனால் அதற்குள்ளேயே வழியும் இருந்தது. தீனி கொடுத்தால் வளர்கிறது என்றால், போலித் தீனி கொடுத்தால்? சுப்பாராவ் குழுவில் ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருந்து, செல்லுக்குள் போய் வேலையைக் கெடுக்கும் பொருட்களை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். அதில் ஒன்று அமினோப்டெரின். ஃபார்பர் அதை 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் பின்வாங்கியது. 1948 ஜூனில் செய்தி வெளியானது. எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் திரும்ப வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மருந்தால் லுகேமியாவைப் பின்வாங்க வைக்க முடியும் என்பதை அன்றுதான் உலகம் பார்த்தது. அமினோப்டெரினின் அடுத்த வடிவம்தான் மெத்தோட்ரெக்ஸேட்.

இடையில் 1947-ல் யானைக்கால் நோய்க்கான டைஎதில்கார்பமசின் மருந்தும் அதே லேபிலிருந்து வந்தது. யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தில் வீடு வீடாக வந்து முழுங்கச் சொன்ன மாத்திரை அது. எந்தக் கிருமியும் சமைத்த பொருள் இல்லை, முழுக்க வேதியியல். அதனால் இங்கே கடந்துபோவோம்.

ஒரு பிடி மண்

விடையின் மறுபாதி மண்ணில் இருந்தது. பென்சிலின் வெற்றிக்குப் பிறகு, மருந்து கம்பெனிகள் எல்லாம் ஊர் ஊராக மண் சேகரித்தன. சுப்பாராவ் இந்த வேலையை ஒப்படைத்தது பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியல் பேராசிரியரிடம். பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்று, 70 வயது தாண்டியவர். ரிட்டையர் ஆனவருக்குப் புது வேலையா என்று யோசிக்கவில்லை.

1945-ல் மிசூரி பல்கலைக்கழகத்தின் சான்பார்ன் வயலிலிருந்து வந்த மண்ணில், ஏ-377 என்று எண்ணிட்ட ஒரு கிருமி தங்க நிறத்தில் வளர்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆரியோஃபேசியன்ஸ். பார்க்கப் பூஞ்சை மாதிரி நூல் நூலாக இருந்தாலும் இதுவும் பாக்டீரியாதான். மழை பெய்ததும் வரும் மண்வாசனையைத் தருவதும் இந்தக் குடும்பம். இது சுரந்த மஞ்சள் பொருளுக்கு ஆரியோமைசின் என்று பெயர் வைத்தார்கள். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து. பென்சிலின் தொட முடியாத டைஃபஸ் வகைக் காய்ச்சல்களையும் இது அடக்கியது, வாயால் முழுங்கவும் முடிந்தது. 1948 ஜூலையில் நியூயார்க்கில் அறிவித்தார்கள். மழைக்காலச் சீட்டில் இருக்கும் டாக்ஸிசைக்ளின் இந்தக் குடும்பத்தின் பின்னாள் வாரிசு.

நுரை பிரச்சினை

லெடர்லேயின் தாய் நிறுவனமான அமெரிக்கன் சயனமிட் ஆராய்ச்சியாளர்கள் 1947-ல் இன்னொரு பாக்டீரியா மருந்தை வெளியிட்டார்கள்: பாலிமிக்சின். அதே நேரத்தில் பிரிட்டனிலும் அமெரிக்க அரசின் ஆய்வகம் ஒன்றிலும் தனித்தனியாக அதைப் பிடித்திருந்தார்கள். இது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. சோப்பு மாதிரி.

சோப்பு மூலக்கூறுக்கு இரண்டு முனை. ஒன்று தண்ணீரைப் பிடிக்கும், இன்னொன்று எண்ணெயைப் பிடிக்கும். பாத்திரத்தில் ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு அதனால்தான் தண்ணீரோடு போகிறது. பாலிமிக்சினும் அப்படித்தான்: ஒரு வளையம், அதற்குக் கொழுப்பு வால். பாக்டீரியாவைச் சுற்றியுள்ள கொழுப்புச் சவ்வில் வாலைச் செருகி, சவ்வைக் கிழித்துவிடும். ஓர் உயிர் தயாரிக்கும் இந்த வகைப் பொருட்களை இன்று பயோசர்ஃபாக்டன்ட் என்கிறார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியா எதற்காக இதைச் செய்கிறது? எண்ணெயைக் கரைத்துச் சாப்பிட, மேற்பரப்பில் ஊர்ந்து பரவ, பக்கத்து வீட்டுக்காரனைக் கொல்ல. சுப்பாராவ் இறந்த மறுவருஷம், 1949-ல், சூடோமோனாஸ் பாக்டீரியாவிலிருந்து ராம்னோலிப்பிட் கிடைத்தது. 1968-ல் ஜப்பானில் பேசில்லஸ் சப்டிலிஸிலிருந்து சர்ஃபாக்டின் கிடைத்தது. தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். துளி சர்ஃபாக்டின் போட்டால் 27-க்கு இறங்கிவிடும்.

எண்ணெய்க் கசிவைச் சுத்தம் செய்யவும், பாத்திரம் கழுவும் திரவத்துக்கும், முகக் கிரீமுக்கும் இது நல்ல சரக்கு. மக்கிப்போகும், தோலுக்கும் மென்மை. அப்புறம் ஏன் கடை அலமாரி முழுக்க இது இல்லை? நுரை. பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். காற்றை ஊதினால், அது தயாரிக்கும் சோப்பே தொட்டியை நுரையாக்கி மேலே தள்ளும். நுரையோடு பொருளும் போகும், பாக்டீரியாவும் போகும், குழாய் அடைத்துக்கொள்ளும். நுரையை அடக்க மருந்து போட்டால் அதைப் பிறகு பிரிக்க வேண்டும். சிலர் எதிர்த்துப் போராடாமல், பொங்கும் நுரையையே தனிப் பாத்திரத்தில் வடித்து, அதிலிருந்து பொருளை எடுக்கிறார்கள். மலிவான தீனி, நன்றாகச் சுரக்கும் கிருமி, செலவில்லாமல் பிரிப்பது: 1940-களில் பேர்ல் ரிவரில் தலையைப் பிய்த்துக்கொண்ட அதே மூன்று கணக்கு. ஒரு கிராம் உயிர்காக்கும் மருந்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார்கள், ஒரு லிட்டர் பாத்திரச் சோப்புக்குக் கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் மருந்து ஜெயித்தது, சோப்பு இன்னும் போராடுகிறது.

தொட்டிகளின் கதையில் கசப்பும் உண்டு. ஆரியோமைசின் வடித்த பிறகு மிஞ்சிய சக்கையைக் கோழிக்குப் போட்டுப் பார்த்தபோது, கோழி வேகமாகக் கொழுத்தது. சுப்பாராவ் இறந்த பிறகு, 1950-ல், ஸ்டோக்ஸ்டாட்டும் ஜூக்ஸும் அதைச் சொன்னார்கள். உலகம் முழுக்கத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் அங்கிருந்து தொடங்கியது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக அதுவும் காரணம். பாலிமிக்சின் வகையைச் சேர்ந்த கொலிஸ்டினைக் கால்நடைகளுக்குக் கொடுக்க இந்திய அரசு 2019-ல்தான் தடை போட்டது.

ஆகஸ்ட் 1948

ஆரியோமைசின் அறிவிப்பு வெளிவந்து சில வாரம்தான். 1948 ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில், தூக்கத்திலேயே இதயம் நின்று சுப்பாராவ் இறந்துபோனார். வயது 53. பேப் ரூத் அடுத்த வாரம், ஆகஸ்ட் 16-ல் இறந்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் யாருக்கு எவ்வளவு இடம் கொடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆசியர்கள் குடியுரிமை பெறவே முடியாது என்றிருந்த அமெரிக்கச் சட்டம், இந்தியர்களுக்கு 1946-ல் தளர்ந்தது. அதன் பிறகும் அவர் அமெரிக்கர் ஆகவில்லை. ஆரியோமைசின் கட்டுரையில் டக்கர் பெயர், லுகேமியா கட்டுரையில் ஃபார்பர் பெயர், ஃபோலிக் ஆசிட் கட்டுரையில் வேதியியலாளர்கள் பட்டியல். வழி சொன்னவர் பெயரைத் தேட வேண்டியிருக்கும். அவர் இறந்த பிறகு, 1953-ல், ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்திய அரசு நூற்றாண்டில், 1995-ல், தபால்தலை வெளியிட்டது. சேஷகிரி கப்பல் ஏறிய கணவரை மறுபடி பார்க்கவே இல்லை.

அவர் விட்டுப்போன கேள்விக்கு மருத்துவம் சொன்ன பதில் இன்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி. வெப்பமண்டல ஸ்ப்ரூவுக்குச் சிகிச்சை: ஃபோலிக் ஆசிட், கூடவே டெட்ராசைக்ளின், மூன்று முதல் ஆறு மாதம். ஒன்று அவர் லேபில் செய்யப்பட்டது. இன்னொன்று அவர் லேபில் பிறந்த குடும்பம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எட்டு நாளில் ஒரே வீட்டில் இரண்டு பேர் சாக வேண்டியதில்லை என்பது, அவர் இறந்து வெகுகாலம் கழித்துத்தான் மருத்துவர்களுக்குத் தெளிவானது.